அக்காவுக்கு ஒரு கூடாரம்

கூடாரக் கடையின் மாடிப்படி ஏறும்போது அக்கா குனிந்தாள். படிக்கட்டுக்கு மேலே குறுக்கே ஓடிய உத்திரத்தை அவள் பார்த்த மாதிரிகூட எனக்குத் தெரியவில்லை. முன்னால் போன அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள், பேச்சு அறுபடாமலேயே குனிந்து, கடந்து, நிமிர்ந்தாள். பின்னால் வந்த நான் அண்ணாந்து பார்த்தேன். உத்திரத்தின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். அதன் நடுப்பகுதி நசுங்கிப் பளபளத்தது. அங்கே தலையை இடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும். அக்கா இடித்துக்கொள்ள மாட்டாள். வாசற்படி, பஸ் கதவு, மின்விசிறி, அடுத்தவர் குடை என்று எல்லாவற்றுக்கும் அவள் உடம்புக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அது தப்பி நான் பார்த்ததில்லை.

என் கணக்குகள் அப்படிப்பட்டவை அல்ல. பகலில் ஒரு திரைச்சீலைக் கடைக்காக வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுக்கிறேன். சாயங்காலம் வரைபட வகுப்புக்குப் போகிறேன். ஓர் அளவை எடுத்தால் திரும்பவும் எடுப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால், ஒரே தப்பை இரண்டு தடவை செய்துவிட்டேனோ என்று சந்தேகம் வரும். 'ஜன்னல் ஓடிப்போகாது, வா' என்று கூட வருகிற தையல்காரர் இழுத்துக்கொண்டு போவார். அப்படிப்பட்டவளிடம் அக்கா தன் கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தாள். 'நம்ம வீட்டு இன்ஜினீயர் பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றாள். கேலியா நிஜமா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நான் ஒரு முக்காலி மேல் ஏற வேண்டியிருந்திருக்கும்.

மாடி முழுக்கப் பச்சைக் கம்பளம். அதன்மேல் சிறிதும் பெரிதுமாகக் கூடாரங்களை விரித்து நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் அவற்றின் துணிக்குள் புகுந்து ஆரஞ்சும் நீலமுமாகத் தரையில் விழுந்திருந்தது. அம்மா செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இங்கயா படுத்துப் பாக்கணும்? எல்லார் முன்னாடியுமா?"

"கடைல வேற யாரும்மா இருக்கா?" என்றாள் அக்கா. "படுத்துப் பாக்காம டென்ட் வாங்குறது, போட்டுப் பாக்காம செருப்பு வாங்குற மாதிரி."

"நீ எந்தச் செருப்ப கடைல போட்டுப் பாத்து வாங்கியிருக்க?"

அது சரிதான். அக்காவின் பாதத்துக்கு எந்தக் கடையிலும் செருப்பு இருந்ததில்லை. சொல்லிச் செய்ததுதான் எல்லாம். மூன்று பேரும் சிரித்தோம். உள்ளறையிலிருந்து விற்பனையாளர் எட்டிப் பார்த்தார்.

அக்காவின் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சதுப்பு நிலத்தில் அவள் பறவைகளை எண்ணுகிறாள். குளிர்காலம் முழுக்கப் பறவைகள் வந்து தங்கும். அவை இருக்கும்வரை எண்ணுகிறவர்களும் அங்கேயே, திட்டுத்திட்டாக உள்ள மேட்டில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நெட்டக்கொக்கு என்று பெயர். வேலை கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து, 'சொந்தக்காரங்கள எண்ணிட்டு வரச் சொல்லியிருக்காங்க' என்று அவளே சொன்னாள். நாணல் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் இடம் அது. மற்றவர்கள் பரண் கட்டி ஏறி நின்று பார்ப்பதை அவள் நடந்துகொண்டே பார்ப்பாள். முன்பு ஒரு தடவை பார்வையாளர் நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால் அளவு சேற்றில் அவள் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றாள். அவளுக்குப் பக்கத்திலேயே பறவைகள் வந்து இறங்கின. பொட்டும் வாலும் மூக்கு வளைவும் பார்த்து அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஊரில் எந்தக் கூட்டத்திலும் தோளைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறவள், அங்கே முழுசாக நின்றாள். உலகத்தில் ஓர் இடத்துக்காவது அவள் அளவு சரியாக இருக்கிறதே என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் போன பருவத்தின் பாதியிலேயே அவள் திரும்பி வந்துவிட்டாள். அலுவலகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூடாரம் கொடுத்திருந்தது. வந்தபோது அவளால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. இருமல் மார்பைப் பிடித்திருந்தது. கேட்டதற்கு 'மழை' என்று மட்டும் சொன்னாள். இந்தப் பருவம் தொடங்கும் முன்பு அவளுடைய குழுத்தலைவி போனில் பேசினார். அக்கா ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. "உன் கண்ணு எனக்கு வேணும்மா. ஆனா பாதில ஆள் போயிட்டா மொத்தக் கணக்கும் வீணாகுது. உனக்குச் சரியா வர்ற டென்ட நீயே எடுத்துட்டு வா. இந்தத் தடவையும் திரும்பிப் போனா, இடத்த வேற ஆளுக்குக் கொடுக்கிறதத் தவிர எனக்கு வழியில்ல." அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது உறுதியாக இருந்தது.

கடைக்கு வருவதற்கு முன்பே, வீட்டில் நான் முறைப்படிதான் தொடங்கியிருந்தேன். கூடாரத்தின் விவரச் சீட்டில் நீளம் என்று போட்டிருப்பது தரையின் நீளம். யாரும் தரைக்குச் சமமாகத் தட்டையாகப் படுப்பதில்லை. காற்றடித்த மெத்தை கொஞ்சம் உயர்த்தும். கால்விரல்கள் மேல்நோக்கி நிற்கும். அந்த உயரத்தில் சுவர் ஏற்கெனவே உள்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் தரையில் இருக்கும் நீளத்தில் இரண்டு முனையிலும் ஒரு சாண் போல இல்லாமலே போய்விடும். மூச்சுக்காற்றின் ஈரம் சுவரின் உள்பக்கம் வியர்த்து நிற்கும். கால் அதில் பட்டால், உள்ளே நுழைந்து தூங்குகிற படுக்கைப் பை நனையும். ஒரு தடவை நனைந்த பை அந்த ஊர்க் குளிரில் காயாது. இதையெல்லாம் வகுப்பில் கற்ற மாதிரி பக்கவாட்டுத் தோற்றமாக வரைந்து பார்த்தேன்.

வரைந்ததில் ஒன்று மட்டும் இடித்தது. அலுவலகக் கூடாரத்தையும் அதேபோல் வரைந்திருந்தேன். ஆறடி ஆள் அதில் படுத்தால் கால் சுவரில் படக் கூடாது. நெருக்கமாக இருக்கும், ஆனாலும் இரண்டு விரல் மிஞ்சும். அக்கா கொண்டுவந்த படுக்கைப் பை கொடியில் காய்ந்ததை நானே பார்த்திருந்தேன். கால் பக்கம் மட்டும் பூசணம் பிடித்துக் கறுத்திருந்தது. ஆக, என் கணக்கில் எங்கோ தப்பு. சாய்வைக் குறைத்துப் போட்டுவிட்டேனா, மெத்தையின் தடிமனை விட்டுவிட்டேனா என்று திரும்பத் திரும்பப் போட்டேன். தப்பு கிடைக்கவில்லை. கடைசியில் காரணம் தெரியாமலே எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு கடையின் பட்டியலில் ஒரு கூடாரத்தைக் குறித்தேன். சந்தேகப்பட எனக்கு என்னைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

விற்பனையாளர் குட்டையானவர், சுருட்டைமுடிக்காரர். அக்காவைப் பார்த்ததும் அவர் கண்கள் மேலே போய், போய்க்கொண்டே இருந்து, ஓர் இடத்தில் நின்றன. எல்லோரும் கேட்கிற கேள்வியை அவர் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். 'மேல காத்து எப்படி வருது' என்று கேட்காத ஆட்கள் குறைவு. அவர் கேட்கவில்லை.

"எத்தன நாளைக்கு மேடம்? வார லீவுக்கா?"

"ஒரு சீசன் முழுக்க. சதுப்புல. நானே தூக்கிட்டு நடக்கணும்."

"அப்ப இது விளையாட்டு இல்ல," என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "உங்க ஹைட்டு எவ்வளவு?"

"ஆறடி," என்றாள் அம்மா.

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "ஆறடியா?"

"ஆறடிதான்." அம்மா சலவைக்கடையில் முன்னால் நின்று துணி வாங்கிப் போடுகிறவள். கறை முன்னமே இருந்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்வாளே, அந்தக் குரல். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் அக்கா ஆறடி. அக்கா பள்ளியில் படிக்கும்போது ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாளாம். வகுப்புப் படத்துக்கு அவளை வாத்தியார்களோடு பின்வரிசையில் நிறுத்திவிட்டார்களாம். இப்படியே வளர்ந்துகொண்டே போனால் என்ன செய்வது என்று கேட்டு அழுதாளாம். அம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, 'ஆறடி. அதோட நின்னுடும். அதுக்கு மேல ஒரு இன்ச் கிடையாது' என்றாளாம். அழுகை நின்றது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஆறடி. அப்பா கேட்டாலும் ஆறடி, பக்கத்து வீட்டில் கேட்டாலும் ஆறடி. அக்கா பூர்த்தி செய்த படிவங்களிலும் ஆறடி. நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்ட எண் அது. ஜன்னலை இரண்டு தடவை அளக்கிறவளுக்கு, அக்காவை ஒரு தடவைகூட அளக்கத் தோன்றவில்லை.

நான் குறித்து வைத்திருந்த நீலக் கூடாரத்தை விற்பனையாளர் கம்பளத்தின் நடுவுக்கு இழுத்து வந்தார். "நல்ல செலக்‌ஷன்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "வெயிட் கம்மி. காத்துக்கு நிக்கும். நான்லாம் இதுக்குள்ள மூணு தடவ உருளலாம்." மெத்தையையும் ஒரு படுக்கைப் பையையும் உள்ளே விரித்தார். அக்கா காலணியைக் கழற்றினாள். பக்கவாட்டுக் கதவு தாழ்வாக இருந்தது. முதலில் பின்புறத்தை உள்ளே வைத்து, உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். நீளமான ஒரு கருவியைப் பெட்டிக்குள் வைக்கிற நேர்த்தி அதில் இருந்தது. எதுவும் எதிலும் படவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா வசதியா இருக்கு."

இவ்வளவு நாளும் போட்ட கணக்கு பலித்துவிட்டது. அம்மாவும் மூச்சு விட்டாள். விற்பனையாளர், "பேக் பண்ணிடலாமா மேடம்?" என்றார். அக்கா உள்ளேயிருந்து, "பண்ணிடுங்க," என்றாள்.

ஆனால் நான் இரண்டு தடவை பார்க்கிற ஆள். கதவுப் பக்கம் குனிந்து உள்ளே பார்த்தேன். அக்கா பக்கவாட்டில் படுத்திருந்தாள். கன்னத்துக்கடியில் கையை வைத்துக்கொண்டு, சந்தோஷமான முகத்தோடு இருந்தாள். போர்த்தியிருந்த பைக்குள் அவளுடைய முழங்கால்கள் மேடாகத் தெரிந்தன.

"கால நீட்டு, அக்கா."

"நான் இப்படித்தான் தூங்குவேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும். வீட்டில் அவள் கட்டிலில் மூலைக்கு மூலை குறுக்காக, முழங்காலை மடக்கித்தான் தூங்குவாள். அது அவளுக்குப் பிடித்த மாதிரி என்று நினைத்திருந்தேன். சோபாவில் முதுகு வழுக்கி வழுக்கி இடுப்பு முனைக்கு வரும் வரை சரிந்து உட்காருவதையும், படம் எடுக்கும்போது எங்களுக்குப் பின்னால் முழங்காலை மடித்து நிற்பதையும், சமையலறை மேடையில் சாய்ந்து பாதி உட்கார்ந்த மாதிரி பேசுவதையும்கூட அவளுடைய பழக்கங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பச்சைக் கம்பளத்தில் முட்டி போட்டு அந்த முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் இத்தனை வருஷமாக எங்களுக்காக ஆறடியாக இருந்துகொண்டிருக்கிறாள். அம்மா சொன்ன ஒரு வார்த்தை பொய்யாகிவிடாமல் இருக்க, சேற்றிலும் குளிரிலும் அந்தச் சின்னக் கூடாரத்துக்குள் மடங்கிக் கிடந்து, இடுப்பு பிடித்து, 'மழை' என்று சொல்லிக்கொண்டு வீடு வந்திருக்கிறாள். இப்போது இதையும் வாங்கிக்கொண்டு போவாள். இதிலும் மடங்கிக் கிடப்பாள். பருவம் பாதி போகும்போது திரும்பி வருவாள். அந்த நாணலுக்கு மேலே வேறு யாருடைய தலையோ தெரியும்.

சொல்ல வேண்டியது நான்தான் என்று தெரிந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ ஒரு தடவ நீட்டேன். பாத்துட்டு மடக்கிக்க," என்றேன்.

"கடைக்காரருக்கு வேற வேலை இல்லயா? விடுடி. வசதியா இருக்குன்னு சொல்றேன்ல."

அம்மா செருப்பைக் கீழே வைத்தாள். மெதுவாக மண்டியிட்டு, என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, பாதி உடம்பைக் கூடாரத்துக்குள் நுழைத்தாள். அவளுக்கு முட்டிவலி உண்டு. வீட்டில் தரையில் உட்காரவே மாட்டாள். உள்ளே அவள் கை பையின் மேல் ஊர்ந்து போய் அக்காவின் முழங்காலில் நின்றது. துணியில் விழுந்த சுருக்கத்தை அழுத்தி நீவுவதுபோல அதைக் கீழ்நோக்கி அழுத்தியது.

"நீட்டு," என்றாள்.

"அம்மா."

"நீட்டுன்னு சொல்றேன்."

அக்கா நீட்டினாள். முதலில் ஒரு கால், பிறகு இன்னொன்று. கூடாரத்தின் மறுகோடியில் நீலத்துணி வெளிப்பக்கமாகப் புடைத்து வந்தது. இரண்டு குதிகாலும் பத்து விரலும் எண்ணிப் பார்க்கலாம் போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. அழுத்தம் தாங்காமல் ஒரு கம்பி வளைந்து முனகியது. தலைப்பக்கம் அவள் கூந்தல் சுவரில் நசுங்கியிருந்தது.

அம்மா பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தாள். எழுந்துகொள்ள என் தோளைப் பிடித்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இது பத்தாது தம்பி. வேற காட்டுங்க," என்றாள்.

"பத்தாதுதான்," என்றார் அவர் பணிவாக. "இன்னும் பெரிசு இருக்கு. ஆனா சரியான அளவு தெரிஞ்சா, நாலஞ்சு இறக்கிக் காட்ட வேண்டியிருக்காது. அதான்." அவர் யாரையும் பார்க்காமல் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். கூடாரத்துக்குள்ளிருந்து அக்காவும் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அவளையே கேளுங்க," என்றாள். "அவ உயரம் அவளுக்குத் தெரியாதா?"

தொண்டையைச் சரிசெய்துகொண்டு உள்ளேயிருந்து அக்கா சொன்னாள். "ஆறடி அஞ்சு. காலைல எழுந்த உடனே அளந்தா அஞ்சரை வரும்."

"அஞ்சரைன்னே வச்சுக்கங்க," என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே. "காலைலதான எழுந்திரிக்கணும். அவ பேன்ட்டுக்கெல்லாம் கீழ துணி ஒட்டுறது நான். எனக்குத் தெரியாதா?"

கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, உடம்பு குலுங்க, கால் இன்னும் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்க, அந்த நீலத்துணி முழுவதும் அவளோடு சேர்ந்து குலுங்கியது. கண் ஓரத்தில் ஈரம் இருந்தது. ஆனால் அது சிரிப்புதான்.

அதற்கப்புறம் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. விற்பனையாளர் நான்கு பேர் படுக்கிற ஒன்றைக் காட்டினார். அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "படுக்குறது நாலு பேருன்னா தூக்குறதும் நாலு பேரா வரணும். நான் ஒருத்திதான்," என்று கீழே வைத்தாள். இன்னொன்றில் நீளம் இருந்தது, ஆனால் உட்கார்ந்தால் தலை முட்டியது. "மழை நாள்ல பகல் முழுக்க உள்ளதான் உக்காரணும். குனிஞ்சுட்டே எழுத முடியாது," என்றாள். வேறொன்றுக்குக் கதவு தலைமாட்டில். ஒவ்வொரு தடவையும் பாம்பு மாதிரி ஊர்ந்து வர வேண்டும் என்று காட்டினாள். அவள் இதற்கு முன் எதையும் இப்படி வேண்டாம் வேண்டாம் என்று தள்ளி நான் பார்த்ததில்லை. கொடுத்த நாற்காலியில் உட்காருகிறவள், இருக்கிற போர்வையைப் போர்த்திக்கொள்கிறவள். இன்றைக்குக் கை காலை வீசி, இது வேண்டும், இது கூடாது என்று சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எல்லாம் அந்தச் சேற்றில் படுத்து, எழுந்து, ஈரத்தில் உடை மாற்றி, காற்றில் கயிறு கட்டிக் கற்றுக்கொண்ட காரணங்கள். என் வரைபடத்தில் அவற்றில் பாதிகூட இல்லை. எனக்கு அதில் வருத்தம் வரவில்லை. பின்னாலேயே நடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் விற்பனையாளர் உள்ளறைக்குப் போய் ஒரு மூட்டையோடு வந்தார். "இது ரொம்ப நாளா இருக்கு. கலர் பாத்துட்டு யாரும் எடுக்குறதில்ல." ஈரச் சாம்பலின் நிறம். நிறுத்தியதும் அதன் வித்தியாசம் எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவற்றில் இரண்டு முனையும் சரிந்து தரைக்கு வரும். இதில் இரண்டு முனையிலும் குட்டைக் கம்பிகள் நின்று சுவரைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தன. சீட்டில் போட்டிருந்த நீளம் கிட்டத்தட்ட முழுவதும் படுக்கிற நீளமாகவே இருந்தது. கதவு நீளவாட்டில் இருந்தது. ஒரு கட்டிலிலிருந்து எழுவது மாதிரி காலை வெளியே போட்டு எழலாம். எடை அலுவலகக் கூடாரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

"நீ சொல்லு," என்றாள் அக்கா என்னிடம்.

என்னிடம் டேப் இருந்தது. எடுத்தேன். ஆனால் முதலில் கூடாரத்தை அளக்கவில்லை. "நீ நில்லு," என்றேன். அவள் செருப்பில்லாமல் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். என்னால் எட்டவில்லை. விற்பனையாளராலும் எட்டவில்லை. அவர் ஓடிப்போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அம்மா டேப்பின் கீழ்முனையைத் தரையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். "தோள இறக்காத. நிமிந்து நில்லு," என்று கீழேயிருந்து சொன்னாள். நான் இரண்டு தடவை அளந்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் கட்டிடத்தின் மொட்டை மாடியில் அதை நிறுத்திப் பார்த்தோம். மறுநாள் காலை அக்காவுக்கு வண்டி. சிமெண்டில் முளையடிக்க முடியாது. அம்மா சலவைக்கடையில் பழுதாகிக் கிடந்த இஸ்திரிப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு கயிற்றையும் ஒரு பெட்டியின் கைப்பிடியில் கட்டினாள். அவளுடைய முடிச்சுகள் மூட்டை முடிச்சுகள். அவிழாது. காற்று அடித்தபோது கூடாரம் ஒரு தடவை மூச்சு வாங்கிவிட்டு நின்றது.

தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். மழையில்தான் எல்லாம் தெரியும். சுவர் நனைந்து கனமாகித் தொங்கினால், உலர்ந்திருக்கும்போது மிஞ்சுகிற இடம் போய்விடலாம். அக்கா மெத்தையும் பையும் தலையணையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஜிப்பை இழுத்துக்கொண்டாள். செடிகளுக்கு ஊற்றுகிற ரப்பர் குழாயை நான் பிடித்தேன். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் அம்மா குழாய்த் திருகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"தூறல் வேணுமா, மழை வேணுமா?"

"முதல்ல தூறல் போடும்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மெதுவா ஆரம்பி. எனக்குப் பழகணும்ல."

குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து மேல்நோக்கிப் பீய்ச்சினேன். தண்ணீர் சிதறி இறங்கியது. துணி கறுத்தது. கால் பக்கத்துக்குப் போய் நின்று அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏதாவது புடைத்தால் இன்னும் நேரம் இருக்கிறது, கடைக்கு ஓடலாம் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் நேராக இருந்தது. தண்ணீர் அதன்மேல் கோடு கோடாக இறங்கி, அடியில் சேர்ந்து, வடிகாலுக்கு ஓடியது.

"அக்கா, கால நீட்டியிருக்கியா?"

பதில் இல்லை. துணியில் தண்ணீர் விழும் சத்தம் உள்ளே பெரிதாகக் கேட்டிருக்கும். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். அப்போதும் பதில் இல்லை. அவள் எனக்காக மடக்கிக்கொண்டிருக்கிறாளோ, நாளைக்குக் கிளம்பும்போது யாருக்கும் கவலை வேண்டாம் என்று மறுபடியும் அந்த வேலையைச் செய்கிறாளோ என்று ஒரு பயம் வந்தது. ஜிப்பைத் திறந்து பார்க்கலாம். திறந்தால் உள்ளே எல்லாம் நனையும். அம்மாவைப் பார்த்தேன். அவள் எனக்குப் பின்னால், தொட்டிக்குப் பக்கத்திலிருந்து, வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிற பக்கம் நானும் நகர்ந்து போனேன்.

வெயில் மேற்கே இறங்கியிருந்தது. கூடாரத்துக்கு அந்தப் பக்கம் சூரியன், இந்தப் பக்கம் நாங்கள். நனைந்த சாம்பல் துணியில் உள்ளே இருப்பவளின் நிழல் விழுந்திருந்தது. தலையிலிருந்து தொடங்கி, தோளாகி, இடுப்பில் தாழ்ந்து, தொடையாகி, முழங்காலில் எங்கும் உடையாமல், பாதம் வரைக்கும் ஒரே நிழல். பாதத்துக்கு அப்பால் வெளிச்சமாக ஒரு முழம் துணி. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிழலின் இரண்டு கைகள் தலைக்கு மேல் எழுந்து, சோம்பலாக நீண்டு, இன்னும் நீண்டு, அப்படியே நின்றன.

அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.